ஜெனூபா இத்தா இருக்கவில்லை

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு நஜீமுக்குக் காயிப் ஜனாஸா தொழுவதென்று பள்ளிவாசலில் பேசி முடித்துவிட்டார்கள். இறந்தவரின் உடல், அதாவது மையத்து, கையில் இல்லாதபோது தொழுகிற தொழுகை அது. அதைத் தொழுதுவிட்டால் நஜீம் இறந்தவன். அவன் மனைவி ஜெனூபா விதவை. நாலு மாதமும் பத்து நாளும் அவள் இத்தா இருக்க வேண்டும். வீட்டை விட்டு வெளிக்கிடக் கூடாது, அந்நிய ஆண்களுக்கு முன்னால் வரக் கூடாது.

பேசி முடித்த இடத்தில் ஆண்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஜெனூபாவிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று அதில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

செய்தியைக் கொண்டுவந்தவர் அவளுடைய காக்கா அதாவுல்லா. கல்முனைக்குடியில் சீமெந்தும் கம்பியும் விற்கிறவர். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையில் அவரும் ஓர் ஆள். அசர் தொழுதுவிட்டு நேரே தங்கச்சி வீட்டுக்கு வந்தார். ஜெனூபா முன் அறையில் தையல் மெசின்கள் போட்டு அபாயாவும் பள்ளிக்கூடச் சீருடையும் தைத்துக் கொடுப்பவள். அன்றைக்கு அவளும், பாண்டிருப்பிலிருந்து வேலைக்கு வரும் யசோதினியும் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"வெள்ளிக்கிழமை தொழுறாங்க புள்ள" என்றார் அதாவுல்லா.

"ஆருக்கு?"

"நஜீமுக்கு."

ஜெனூபா மெசினை நிறுத்தவில்லை. "மவுத்தானவங்களுக்குத்தானே தொழுற. அவர் மவுத்தெண்டு ஆரு சொன்ன?"

"நோம்புக்கு முன்ன வந்த போன் கோல்தான் கடைசி. ஹஜ்ஜுப் பெருநாளும் போயிட்டு. இன்னும் ஆரு வந்து சொல்லணும் உனக்கு?"

"காக்கா, மெசின் சத்தத்துல ஜெனூபாக்காக்குக் கேக்கல்ல. நாளைக்கு வாங்க" என்றாள் யசோதினி.

"நீ உன்ட வேலையப் பாரு யசோ."

"அதத்தான் பாக்கன். நீங்க வந்த நேரம் ஊசி உடைஞ்சிட்டு."

அதாவுல்லா சிரிக்கவில்லை. "மௌலவி ஒரு நிபந்தனை போட்டிரிக்கார். கண்ட ஆள் வந்து முன்னால நிண்டு சொல்லணுமாம். அக்கரைப்பற்று றிஸ்வான் நாளைக்கு வாறான். அவன் நஜீமோட ஒண்டா நிண்டவன். சொன்னாப் பிறகு நீ வாய் தொறக்கப்போடாது."

அப்போதுதான் ஜெனூபா மெசினை நிறுத்தினாள்.

நஜீமைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சண்டைக்காரன் இல்லை. துவக்குப் பிடித்தவனும் இல்லை. லொறி ஓட்டினவன். எண்ணெய் விலை ஏறி, வரிசையில் நின்று நின்று, லொறிக்காரர் லொறியையே விற்ற பிறகு சும்மா இருந்தவன். வெளியூரில் தங்கிப் படிக்கிற மகளுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்காமல் கலியாணம் பேச முடியாது. நமது பக்கத்தில் அது எழுதாத சட்டம். அக்கரைப்பற்றில் ஓர் ஏஜென்சிக்காரன் ரஷ்யாவில் சாரதி வேலை என்றான். பின்னுக்கு நின்று சாமான் ஏற்றுவதுதான், சண்டையெல்லாம் தூரத்தில், ஒரு வருட ஒப்பந்தம் என்றான். நஜீம் போய் இறங்கிய பிறகுதான் இராணுவ உடுப்பும் துவக்கும் கொடுத்தார்கள்.

வருடம் முடிந்தது. ஆளை விடவில்லை. வெற்றி கிடைத்ததும் அனுப்புவோம் என்றார்களாம்.

"எப்ப வெல்றயாம்?" என்று ஜெனூபா போனில் கேட்டாள்.

"நானும் கேட்டன். முதல்ல ஆத்தக் கடந்தாச் சரியெண்டாங்க. கடந்தாச்சு. இப்ப பெரிய ரோட்டப் புடிக்கணுமாம்."

"புடிச்சிட்டு அந்த ரோட்டாலயே பஸ் ஏறி வாங்க."

அவன் சிரித்தான். சிரிப்போடு இருமலும் வந்தது. ரோட்டைப் பிடித்தார்களோ இல்லையோ, அடுத்த முறை அவன் ஒரு ஊரின் பெயரைச் சொன்னான். அதைப் பிடித்தால் முடிந்ததாம். அந்தப் பெயர் ஜெனூபாவின் வாயில் நுழையவில்லை. யுத்தம் செய்கிறவர்களைக் கேட்டால் வெற்றி எப்போதும் அடுத்த மேட்டுக்கு அப்பால்தான் இருக்கும். மேட்டில் ஏறி முடிந்ததும் இன்னொரு மேட்டைக் காட்டுவார்கள். ஏறச் சொல்கிறவன் ஏறுவதில்லை.

நோன்புக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வீடியோ வந்தது. மேலாலே பறந்து எடுத்த படம். கூரை இல்லாத ஒரு கட்டிடத்தின் மேல் சிறிதாக ஓர் ஆள் கொடி பிடித்துக்கொண்டு நிற்கிறான். தலையை ஒரு பக்கம் சாய்த்து நிற்கிற விதத்தில் ஜெனூபாவுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. அது நஜீம். ஊர் பிடிபட்டது, வெற்றி என்று கீழே போட்டிருந்தார்கள்.

அதாவுல்லாவுக்குத் தலைகால் புரியவில்லை. மச்சான் வென்றுவிட்டான், இனி வீட்டுக்கு வந்துவிடுவான் என்று, அவன் திரும்பி வர வேண்டி வைத்திருந்த நேர்ச்சையை உடனே நிறைவேற்றினார். மாடு அறுத்து, பலர் சுற்றியிருந்து உண்ணும் சகன் தட்டுகள் வைத்து, தெருவையே கூப்பிட்டுக் கந்தூரி கொடுத்தார். ஊரார் ருசித்துச் சாப்பிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறான் என்றால் கந்தூரி கொடுப்பது நமது வழக்கம். ஆனால் நமது ஆட்கள் ஆள் வந்து இறங்கிய பிறகுதான் கொடுப்பார்கள். அதாவுல்லா வெற்றியை நம்பி முன்கூட்டியே கொடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நஜீமிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. சந்தியில் நிற்கிற பொடியன்கள் அதாவுல்லாவைக் கண்டால், "ஹாஜியார், அடுத்த ஊரு எப்ப புடிக்கிற? வயிறு காயுது" என்று கேட்கத் தொடங்கினார்கள். அந்தச் சோற்றுக்கு வெற்றிச் சோறு என்று பெயரும் வைத்தார்கள். கடையிலிருந்து பள்ளிக்குக்கூட அவர் பின் ஒழுங்கையால் போனார். இந்த ஜனாஸாத் தொழுகை அந்தப் பகிடிக்கு ஒரு மூடியும்தான். அதற்காக அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. தங்கச்சியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தவித்தவரும் அவர்தான்.

ஜெனூபா ஏன் அடம்பிடித்தாள் என்று ஊரில் பலருக்கு விளங்கவில்லை. காரணம் பழையது.

அவளுடைய வாப்பா, இங்கே யுத்தம் நடந்த தொண்ணூறாம் ஆண்டு வயலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. ஜெனூபா அப்போது பேச்சுப் பழகின பிள்ளை. மரத்தடியில் ஒரு மையத்தைக் கண்டேன், அவர் மாதிரித்தான் இருந்தது என்று யாரோ ஒருவர் வந்து சொன்னார். மாதிரி என்ற சொல் போதுமாயிருந்தது. உம்மாவை இத்தா இருத்தினார்கள். இத்தா முடிந்து உம்மா வெளியே வந்தபோது ஒருவரும் வாப்பாவைத் தேடவில்லை. தேடச் சொல்லி உம்மா போன இடத்திலெல்லாம், நீங்கதான் இத்தா இருந்தாச்சே என்றார்கள்.

பிறகு இரண்டாயிரத்து ஒன்பது. யுத்தம் வென்றாயிற்று என்று கல்முனையில் வெடி கொளுத்தினார்கள். சந்தியில் பாற்சோறு கொடுத்தார்கள். உம்மாவும் வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த நாள் வயலைப் பார்க்கப் போனார், அந்தப் பக்கம் எங்கேயாவது எலும்பாவது கிடக்கும் என்று. வயலில் ஓர் அரசாங்கத் திணைக்களத்தின் பலகை நின்றது. உள்ளே வரக் கூடாது. "வெண்டாச்செண்டு சொன்னாங்களே, ஆருக்கு?" என்று அந்தப் பலகையைப் பார்த்துக் கேட்டாராம். பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. வென்றவர்கள் வேறு வேலையாக இருந்தார்கள். வயலும் கிடைக்கவில்லை, வாப்பாவும் கிடைக்கவில்லை. உம்மா அப்படியே போய்ச் சேர்ந்தார்.

அதாவுல்லாவும் அதே உம்மாவின் பிள்ளைதான். ஆனால் அவர் வேறு கணக்குப் போட்டிருந்தார். இத்தா இருந்ததால்தான் உம்மாவுக்கு அழுது முடிக்க முடிந்தது, எழுந்து பிள்ளைகளை வளர்க்க முடிந்தது என்பது அவருடைய எண்ணம். இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரே தாயைப் பார்த்தவர்கள். கண்டது இரண்டு.

வியாழக்கிழமை பின்னேரம் றிஸ்வான் வந்தான். ஓட்டோவிலிருந்து இறங்க அதாவுல்லா கைகொடுத்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. ஊன்றுகோல் இன்னும் பழகவில்லை. முகத்தைப் பார்த்தால் முப்பது தாண்டாதவன், தலையில் பாதி நரை. தையல் மெசின்களை ஓரமாகத் தள்ளிக் கதிரை போட்டிருந்தார்கள். மௌலவி வந்திருந்தார். சபையின் தலைவரும் வந்திருந்தார். ஜெனூபா உள் அறையில், திரைக்குப் பின்னால். யசோதினி அன்றைக்கு வேலை முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. ஜெனூபாவுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

"தம்பி, நீங்க நஜீம்ட மையத்தக் கண்டீங்களா?" என்று மௌலவி கேட்டார்.

றிஸ்வான் அதாவுல்லாவைப் பார்த்தான். "கண்டன்" என்றான்.

தலைவர், மவுத்துச் செய்தி கேட்டால் சொல்கிற இன்னாலில்லாஹியைச் சொன்னார். கதிரையை விட்டு எழும்பவும் பார்த்தார். அவருக்கு அத்தோடு விஷயம் முடிந்தது.

திரை விலகியது. ஜெனூபா முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்து நின்றாள்.

"உள்ளுக்குப் போடி!" என்றார் அதாவுல்லா.

"நான் இன்னும் இத்தா இரிக்கல்ல காக்கா. நிக்கலாம்." அவள் றிஸ்வானைப் பார்த்தாள். "தம்பி, மொதல்ல இருந்து சொல்லுங்க. அந்த ஊரப் புடிச்ச கதையச் சொல்லுங்க."

"அது என்னத்துக்கு ராத்தா..."

"அதுக்குத்தானே என்ட மாப்புள போன. என்னத்தப் புடிச்சீங்க எண்டு எனக்குத் தெரியோணும்."

மௌலவி கையைக் காட்டினார். "சொல்லட்டும்."

றிஸ்வான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"ஊரெண்டா பெரிய ஊரில்ல. நம்மட வரிப்பத்தான்சேனையில பாதி வராது. நாங்க போறத்துக்கு முன்னயே ஒரு தரம் புடிச்சிட்டாங்களாம். செய்தியிலயும் சொன்னயாம். மறுகா எதிர்ப் பக்கத்து ஆக்கள் புடிச்சிட்டாங்க. ரெண்டாம் தரம் எங்கள அனுப்பின. போன ஆக்கள்ல கனபேர் வழியிலயே முடிஞ்சிட்டாங்க. புடிச்சம். அடுத்த கிழமை பின்னுக்கு ஓடி வந்தம். மூண்டாந் தரம் திரும்பப் புடிச்சம். ஆக்கள் இல்ல, கூரை இல்ல, ஒரு நாய் கூட இல்ல. சுவர் மட்டும்தான் கிடக்கு. என்னத்தப் புடிச்ச எண்டு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியா ராத்தா."

"கொடி?"

"படம் எடுக்கோணும். கொடியோட ஒராள் மேல நிண்டு, அது படத்துல விழுந்து, பெரியவங்களுக்குப் போனாத்தான் புடிச்ச கணக்கு. படம் இல்லாட்டி புடிக்கல்ல. நஜீம் நானாவ ஏறச் சொன்னாங்க."

"ஏன் அவர?"

"சுகமா நிண்டவங்க கொஞ்சப் பேர்தான். அவர் ஏறின. நிண்டு காட்டின. படம் போயிட்டு. அதத்தான் நீங்க எல்லாரும் பாத்த. இறங்கி வந்து எனக்கிட்டத் தண்ணி வாங்கிக் குடிச்சார். அந்த நேரம் ரேடியோவுல சொல்றாங்க, காத்துக்குக் கொடி சுருண்டு தெரியுதாம், இன்னொரு தரம் ஏறி விரிச்சுப் புடிக்கட்டாம்."

வெளியே ஓட்டோக்காரன் ஹோர்ன் அடித்தான். பொறுக்கச் சொல்ல ஒருவரும் எழும்பிப் போகவில்லை.

"ஏறினாரா?" என்று ஜெனூபா கேட்டாள்.

"ஏறின. ஏறக்குள்ள என்னப் பாத்து, இந்தப் படத்தயாவது ஜெனூபா பாக்காம இரிக்கோணும் எண்டு சொன்னார். நான் படியடியில நிண்டன். மேலால ட்ரோன் சத்தம் வந்துது. எங்கடயா அவங்கடயா எண்டு சத்தத்த வெச்சிச் சொல்லேலா. வெடிச்சுது."

மௌலவி முன்னுக்குச் சரிந்து உட்கார்ந்தார். "மறுகா மேல ஏறிப் பாத்தீங்களா?"

றிஸ்வான் மறுபடி அதாவுல்லாவைப் பார்த்தான்.

"தம்பி, ஒரு பொம்புளய விதவையாக்குற சொல்லு உங்கட வாயில இரிக்கி. வல்லாஹி எண்டு சத்தியம் பண்ணிச் சொல்லுங்க. நஜீம்ட மையத்தக் கண்டீங்களா?"

றிஸ்வானின் ஊன்றுகோல் கதிரையிலிருந்து சரிந்து தரையில் விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

"கால் இல்லாம நான் எப்படி மேல ஏற, மௌலவி? கண் முழிச்சது ஆஸ்பத்திரியில. கண்ட ஆக்களிட்டயெல்லாம் கேட்டன். ஒருத்தருக்கும் தெரியா. நான் காணல்ல."

"நேத்து வேற கதை சொன்னியேடா!" அதாவுல்லா எழும்பிவிட்டார்.

"நீங்கதானே சொல்லச் சொன்ன! சொன்னா அந்தப் புள்ளைக்கு நிம்மதி எண்டு நீங்கதானே சொன்ன!"

தலைவர் தொப்பியைக் கழற்றித் துடையில் வைத்தார். மௌலவி அதாவுல்லாவைப் பார்த்த பார்வையில் அவர் திரும்ப உட்கார்ந்தார்.

"பொய்தான்" என்றார் அதாவுல்லா. "இவள் எத்தன காலத்துக்கு ரோட்டப் பாத்துக்கிட்டு இரிக்கப் போறாள்? உம்மா அழுது முடிச்சா, ஒழும்பினா. இவள் அழவும் இல்ல, ஒழும்பவும் இல்ல. எனக்கு வேற வழி தெரியல்ல."

"உம்மா அழுது முடிக்கல்ல காக்கா" என்றாள் ஜெனூபா. "உம்மாட வாயப் பூட்டின. இத்தா முடிஞ்ச நாள்ல இருந்து வாப்பாவ ஒருத்தரும் தேடல்ல. நான் நாளைக்கு உள்ளுக்கு இருந்தா ஏஜென்சிக்காரன் நிம்மதியாப் படுப்பான். அனுப்பின ஆள் செத்திட்டான், குடும்பமே தொழுதிட்டுது, இனி என்ன கேள்வி எண்டுவான். அவனுக்கு நான் இத்தா இரிக்கோணுமா?"

"அப்ப நஜீம் ஹயாத்தோட இரிக்கார் எண்டுறியா?"

"நான் அப்படிச் சொன்னனா? எனக்குத் தெரியா. தெரியா எண்டுதான் சொல்றன். நீங்க எல்லாரும் தெரிஞ்ச மாதிரிக் கதைக்கிறீங்க. வெண்டாச்செண்டு சோறு போட்ட. இப்ப மவுத்தெண்டு தொழப் போற. ரெண்டும் அந்தப் படத்துல இருந்துதான்."

உள்ளேயிருந்து யசோதினியின் குரல் வந்தது. "எங்கட அண்ணனையும் அப்படித்தான் இயக்கத்துக்குக் கூட்டிப் போனாங்க. போராட்டம் வெல்லும், வருவான் எண்டாங்க. மறுகா மற்றவங்க வெண்டாங்க, இனி வரான் எண்டாங்க. கூட்டிப் போனவன் ஆரெண்டு கேட்டா ரெண்டு பக்கமும் ஊமை."

மௌலவி எழுந்து நின்றார். "நாளைக்குத் தொழுகை இல்ல. நிச்சயமான செய்தி வாற வரைக்கும் இவ நஜீம்ட மனைவிதான்."

"எதுவரைக்கும் மௌலவி?" ஜெனூபாதான் கேட்டாள்.

அவர் நேர்மையான மனிதர். தாடியைத் தடவிக்கொண்டு நேரத்தைக் கடத்தவில்லை. "அது எனக்குத் தெரியா புள்ள" என்றார்.

அன்றைக்கு அந்த அறையில் ஜெனூபா வென்றாள். இதை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். எதை வென்றாள்? புருஷன் கிடைக்கவில்லை. அழுது முடிக்கவும் வழியில்லை. இன்னொரு வாழ்க்கை அமைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. விதவைக்குக் கிடைக்கிற அனுதாபம்கூட இனி அவளுக்குக் கிடையாது. முடிவு தெரியாத காத்திருப்பை அவள் கேட்டு வாங்கியிருக்கிறாள். யுத்தத்தில் வென்றவர்கள் என்று மேடையில் மாலை போடுகிறவர்கள் யாரும் இந்த விலை கொடுத்ததாக எனக்குத் தெரியாது. ஆனால் அவள் பொய்யை வாங்கவில்லை.

மற்றவர்கள் வெளியே போன பிறகு றிஸ்வான் எழும்ப முடியாமல் இருந்தான். ஜெனூபா ஊன்றுகோலை எடுத்துக் கொடுத்தாள்.

"இஞ்ச சொன்னதப் பொலிஸ்லயும் சொல்லுவியா?"

அவன் பயந்துபோனான். "ராத்தா, அந்த ஏஜென்சிக்காரன்ட ஆக்கள் எங்கட ஊட்டடியால ரெண்டு தரம் வந்து போயிட்டாங்க. வாயத் தொறந்தா மத்தக் காலும் போகுமாம்."

"சரி. பயமெண்டா வராத. நான் உன்னக் குறை சொல்ல மாட்டன்."

"நீங்க தனியாப் போவீங்களா?"

"போவன்."

அவன் படியிறங்கினான். ஓட்டோவில் ஏறி உட்கார்ந்தான். ஓட்டோ கிளம்பி, கொஞ்ச தூரம் போய் நின்றது. தலையை வெளியே நீட்டி, "காலையில வாங்க. அக்கரைப்பற்றுல பஸ் நிக்கிற இடத்துல நிப்பன்" என்று கத்தினான். தெருவில் பாதிப்பேருக்குக் கேட்டது. அதன் பிறகு பின்வாங்க அவனுக்கும் இடமில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஜெனூபா கல்முனை பஸ் நிலையத்துக்கு வந்தாள். இத்தாவுக்கு உடுத்துகிற வெள்ளை இல்லை, ஊதா அபாயா. ஊர் அவளைப் பார்த்தது. தொழுகை நின்றுபோன செய்தி அவளுக்கு முன்னாலேயே அங்கு வந்திருந்தது.

"இத்தா இரிக்க வேண்டிய ஆள் எங்க வெளிக்கிட்ட?" என்று மரக்கறிக் கடை வாசலில் ஒருவன் பக்கத்தில் நின்றவனிடம் கேட்டான், அவளுக்குக் கேட்கும்படி.

"உன்ட பொண்டாட்டிக்கு எப்ப இத்தா எண்டு கேக்கப் போறன்" என்றாள் ஜெனூபா. அவன் பிறகு கத்தரிக்காயை அடுக்கினான்.

அக்கரைப்பற்று பஸ் ஸ்டார்ட்டில் நின்றது. அவள் ஏறி நடுவில் ஓர் இருக்கையில் இருந்தாள். பஸ் நகரும் நேரம் முன் கதவால் அதாவுல்லா ஏறினார். வெள்ளிக்கிழமையில் கடையைப் பூட்டிவிட்டு அவர் எங்கும் போனதில்லை. ஜெனூபாவின் கை முன் இருக்கைக் கம்பியை இறுக்கிப் பிடித்தது. தோளில் பிடித்து இறக்கப் போகிறார் என்றுதான் நினைத்தாள். பஸ்ஸில் இருந்தவர்களும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. முன்னால் சாரதிக்குப் பின் இருக்கையில் போய் உட்கார்ந்தார்.

"ஹாஜியார், எங்க?" என்று கொண்டக்டர் கேட்டான்.

"அக்கரைப்பற்று பொலிஸடி. ரெண்டு."

"மத்த ஆள் ஆரு?"

அதாவுல்லா பின்னால் திரும்பாமல் பெருவிரலால் காட்டினார். "என்ட தங்கச்சி. நஜீம்ட பொண்டாட்டி."

பஸ் காரைதீவைத் தாண்டியது. நிந்தவூரைத் தாண்டியது. அதாவுல்லா இரண்டு டிக்கெட்டையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.